கழற்றிப் போட்ட வால்வு

மூடியில் கை வைக்காதீர்கள் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது; இப்போது திறந்தால் முகத்துக்கு நேரே பீய்ச்சி அடிக்கும். ஆறட்டும். அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். துணி விரித்திருக்கிறேன், கிரீஸ் ஒட்டாது.

கொல்லத்துக்குத்தானே போகிறீர்கள்? எஸ் வளைவு வரைக்கும் ஏறிவிட்டீர்கள். அங்கே சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போயிருக்கும். இறங்கி நின்று பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பி மெதுவாக உருட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். நீங்கள் சொல்லவே வேண்டாம். இந்தப் பக்கம் மலை ஏற வருகிற பழைய வண்டி எல்லாம் அங்கேதான் கொதிக்கும், பிறகு புளியரைக்கு இறங்கி என்னிடம்தான் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்து வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான். ஆறுமுகநயினார் என் பேர். நயினார் ஒர்க் ஷாப் என்று கேட்டால் மலைக்கு அந்தப் பக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

உங்கள் வண்டிக்கு என்ன கோளாறு என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மேலே போகிற ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது. இதோ, கிளிப் கடிக்கிற இடத்தில், நகக்கண் அளவுக்கு. அதை மாற்றிவிடலாம். ஆனால் அதோடு விட மாட்டேன். இந்த ஹோஸ் என்ஜினில் வந்து சேருகிற இடத்துக்குள்ளே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. தெர்மாஸ்டாட் என்பார்கள். என்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைத்திருக்கும். சூடானதும் திறந்துவிடும். பனி பெய்கிற தேசத்தில் ஓட்டுகிறவனுக்கு வேண்டியது அது. நமக்கு எதற்கு? திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்காமல் நின்றுவிட்டால் நடுமலையில் வண்டி நிற்க வேண்டியதுதான். அதனால் இந்த அடிவாரத்தில் அதைக் கழற்றித் தூரப் போட்டுவிடுவோம். என் கையால் எத்தனை கழற்றியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. கழற்றிய வண்டி எதுவும் திரும்பிக் கொதித்து வந்ததில்லை.

அது தப்பு என்று ஒருவன் சொன்னான் சார். என் முகத்துக்கு நேரே. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது. வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரியின் சொந்தத் தம்பி.

என்ஜின் ஆறுகிற வரைக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

செங்கோட்டையில் ஹெலன் சிஸ்டர் என்று ஒரு அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் சும்மா இருப்பதில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் புண் கழுவிக் கட்டுப் போடுவார், ஊசி போடுவார். தன் வண்டியைத் தானே ஓட்டுவார். வெள்ளை வண்டி, பழசு, ஆனால் கார்புரேட்டர் காலத்தது இல்லை. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிற வகை. அது இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்குக் கை கால் இல்லாத மாதிரி. பல வருஷத்துக்கு முன்னால் அது உங்கள் வண்டி போலவே எஸ் வளைவில் கொதித்தது. நான்தான் வால்வைக் கழற்றிப் போட்டேன். அதற்கப்புறம் முள் அடியைவிட்டு எழுந்ததே இல்லை. அப்படியே படுத்துக் கிடக்கும். என்ஜின் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

போன சாரல் காலத்தில் சிஸ்டர் வந்து நின்றார். தண்ணீர் குறைகிறது, தினமும் காலையில் அரை பாட்டில் ஊற்ற வேண்டியிருக்கிறது, கீழே ஒரு சொட்டுகூடக் காணோம். பெட்ரோலும் முன்னைப்போல இல்லை, குடிக்கிறது. பின்னால் கறுப்புப் புகை. வண்டிக்குள் உட்கார்ந்தால் பெட்ரோல் நாற்றம். தென்காசியில் யாரோ என்ஜினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆர்.சி. புதுப்பிக்கிற தேதி வேறு நெருங்கிவிட்டது. புகைச் சோதனையில் தேறாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட மாட்டார். அப்புறம் வண்டி பழைய இரும்புக்குத்தான்.

"மெக்கானிக்கு, இது போயிட்டுன்னா நான் எப்படிவே வீடு வீடாப் போவேன்? பஸ்ஸுல ஏறுத முட்டா இது?" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"என் கிட்ட விட்டுட்டீங்கல்லா சிஸ்டர், போய்த் தூங்குங்க" என்றேன்.

தண்ணீர் விவகாரத்தை நான் கண்டுபிடித்த விதத்தைக் கேளுங்கள். அடியில் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் ஊற்றின காப்பி மாதிரி வெளுத்திருக்கும். சுத்தமாக இருந்தது. சைலன்ஸரில் வெள்ளைப் புகையும் இல்லை. அப்படியானால் என்ஜினைப் பிரிக்க ஒரு அவசியமும் இல்லை. பிறகு எங்கே போகிறது? சிஸ்டருடைய மருந்துப் பை இடது பக்க சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில்தான் எப்போதும் இருக்கும். அதை எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று தூக்கினேன். அடிப்பக்கம் ஈரம். கார்ப்பெட்டை அமுக்கினேன், பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. முகர்ந்தால் வெல்லப்பாகு மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. ஏ.சி. தண்ணீருக்கு வாசனை ஏது, பிசுபிசுப்பு ஏது? ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் தண்ணீர்தான். குளிர்காலத்தில் உள்ளே அனல் காற்று வர வேண்டும் என்று டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் வைத்திருப்பார்கள். அது ஓட்டையாகி, உள்பக்கமாகவே ஒழுகியிருக்கிறது. செங்கோட்டையில் யாருக்கு வண்டிக்குள் அனல் காற்று வேண்டும்? அதற்குப் போகிற இரண்டு ஹோஸையும் பிடுங்கி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டேன். ஒழுகல் நின்றது. எந்தக் கருவியும் கிடையாது. மூக்கும் விரலும்தான்.

இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தொழில் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கறுப்புப் புகைதான் இழுத்தடித்தது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. மாற்றினேன். மறுபடியும் கரி. ஏர் ஃபில்டர் மாற்றினேன். பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். சைலன்ஸரில் இருக்கிற சென்சாரை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். மூன்று வாரம் ஆகியும் புகை அதன் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் தினமும் ஆட்டோவில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"மெக்கானிக்கு, நீரு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே வாரீரு. கடைசியில இந்த வண்டியில பழசுன்னு நான் ஒருத்திதான் மிஞ்சுவேன் போலிருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கண் சிரிக்காது.

அப்போதுதான் குத்தாலிங்கம் வந்தான். அவன்தான் என் மச்சினன். தென்காசியில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் வேலை. சட்டையில் பேர் தைத்திருக்கும். பக்கத்து டீக்கடைக்கு வண்டியைத் தள்ளி நிறுத்தி, ஓடவிட்டு, நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வந்தவன் நேரே போய் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தான். காய்ச்சல்காரனுக்கு நாடி பிடிக்கிற மாதிரி.

"அத்தான், வண்டி ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு நேரம் இருக்கும்?"

"இருக்கும், ஒரு டீ குடிக்க நேரம். ஏம்லே?"

"ஹோஸ் ஆரம்பத்துலேருந்தே வெதுவெதுன்னுதான் இருக்கு. முள்ளு எந்திரிக்கவே இல்ல. வால்வைக் கழத்திட்டியளா?"

"எப்பவோ கழத்தியாச்சு."

"அதான் அத்தான் விஷயம். என்ஜின் சூடே ஆவல. ஆவலைன்னா இன்னும் குளிர்ந்துதான் கிடக்குன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கிடுது. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் கூட வேணும்லா, அள்ளி ஊத்துது. எரியாத பெட்ரோல்தான் கறுப்பா வருது. ஒரு வால்வை வாங்கிப் போடுங்க, சரியாயிரும். கோவிச்சுக்கிடாதிய."

கோவிச்சுக்கிடாதிய என்று ஒருவன் சொன்னாலே கோபம் வருகிற மாதிரி எதையோ சொல்லிவிட்டான் என்றுதானே அர்த்தம்? கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வண்டியில் நான்தான் வால்வைக் கழற்றியிருக்கிறேன்.

"ஏலே, நீ டிராயரோட உங்க அக்கா பின்னால சுத்திக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலேயே நான் கழத்துதவன்லே" என்றேன்.

"அதெல்லாம் கார்புரேட்டர் வண்டி அத்தான். அதுல கழத்தினா பெருசாத் தெரியாது. இது வேற."

"வண்டின்னா வண்டிதாம்லே."

"சரி அத்தான்."

அந்த 'சரி அத்தான்' இருக்கிறதே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. எதிர்த்துப் பேசியிருந்தால்கூட விட்டிருப்பேன்.

"இந்த வண்டி, வால்வு இல்லாமலே, திங்கக்கிழமை புகைச் சோதனையில தேறும். தேறலைன்னா ஷட்டரை இறக்கிட்டு உன் ஒர்க் ஷாப்புல வந்து வண்டி கழுவுதேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றேன்.

சொன்னது சொன்னதுதான். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

ஒர்க் ஷாப்புக்குப் பின்னால்தான் வீடு; நான் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. என் வீட்டுக்காரி பேர் உலகம்மாள். உலகு என்று கூப்பிடுவேன்.

"என்னத்துக்கு இப்படிப் பேசிட்டு வந்திருக்கிய? தேறலைன்னா நெசமாவே போயி வாளியைத் தூக்குவியளா?"

"தூக்குவேன்."

"தூக்குவிய. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பிறகு, "அந்த வால்வு இந்த வண்டியில எந்த இடத்துல இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று. கல்யாணம் ஆனதிலிருந்து வண்டியைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் போதும் என்று விளக்கமாகச் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. அன்றைக்கு நான் வண்டியைத் தொடவில்லை. செய்ய வேண்டியது எல்லாம் செய்தாயிற்று. இனி என்ன இருக்கிறது? சும்மா இருக்க முடியாமல் ஸ்பேனர்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவினேன். துடைத்து, பெரிது சிறிது பார்த்துச் சுவரில் வரிசையாக மாட்டினேன். ஷட்டருக்கு எண்ணெய் போட்டு ஏற்றி இறக்கிப் பார்த்தேன். தரையைக் கூட்டினேன். திரும்பினால் உலகு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.  உள்ளே போய்விட்டாள். போனில் யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்டது. அவள் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் ஒரு பையைக் கையில் கொடுத்தாள். தேங்காய், பழம், சூடம். "திருமலை முருகன் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. உங்க பேருக்காரர்தானே மேல உக்காந்திருக்காரு. ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாங்க. படி ஏறித்தான் போவணும், ஆட்டோவுல போவக்கூடாது. மெதுவா வாங்க, அவசரமில்ல."

எனக்கு முட்டு வலி. இருந்தாலும் போனேன். பண்பொழி போய்ப் படி ஏறி, கும்பிட்டு, மண்டபத்தில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இங்கே உலகு சோப்புத் தூளைப் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பச்சையாகத் தண்ணீர் ஓடியது.

"என்னட்டி இது பச்சையா?"

"உங்க வண்டிதான் ஒழுகிட்டு" என்றாள், நிமிராமலே.

 குனிந்து, படுத்து, எல்லா இடத்தையும் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. எங்கேயோ பழைய மிச்சம் வடிந்திருக்கும். வால்வு இருந்த இடத்தில், ஒழுகாமல் இருக்க வைக்கிற பேக்கிங் புதிதாகத் தெரிந்தது. அந்த மூன்று வாரத்தில் எதை எதையோ மாற்றினேன், அதையும் நான்தான் மாற்றியிருப்பேன். டீக்கடைக்காரர் வேறு, குத்தாலிங்கம் வந்திருந்தான், ஹெலன் சிஸ்டரும் ஆட்டோவில் வந்திருந்தார் என்றார். சிஸ்டர் வண்டியைப் பார்க்க வந்திருப்பார். அவன் அக்காவைச் சமாதானப்படுத்த வந்திருப்பான். அவ்வளவு பேசிவிட்டுப் போனவனுக்கு மனசு உறுத்தாதா?

திங்கட்கிழமை சிஸ்டர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில். செங்கோட்டை வருவதற்குள் முள் எழுந்திருக்க ஆரம்பித்தது சார். அந்த வண்டியில் பல வருஷமாகப் படுத்துக் கிடந்த முள்.  "நிறுத்துங்க சிஸ்டர், கொதிக்கப் போவுது" என்றேன்.

"கொதிக்காது. பேசாம வாரும்" என்றார்.

முள் நடுவில் வந்து நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. தென்காசி வரைக்கும் அசையவில்லை. எனக்கு அப்புறம்தான் விளங்கியது: நான் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ததில் என்ஜினுக்குப் புது ரத்தம் ஓடியிருக்கிறது. ஒயரை மாற்றியதில் முள்ளும் சரியாகியிருக்கிறது. ஒன்றைச் சரியாகச் செய்தால் பத்து சரியாகும்.

புகைச் சோதனை செய்கிறவர் சைலன்ஸருக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "என்ன பண்ணுனீங்க? இந்த வயசு வண்டிக்கு இப்படி வராதே" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் ஸ்டியரிங்கில் குனிந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டைப் போடச் சொன்னார், ஹார்னை அடிக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். முடிந்தது.

டீக்கடையில் அன்றைக்கு எல்லாருக்கும் என் செலவில் டீ. வால்வு இல்லாமலே தேறியது என்று நான் சொல்லச் சொல்ல எல்லாரும் டம்ளருக்குள்ளேயே பார்த்துக் குடித்தார்கள். 

ஆனால் ஒன்று சார். மனிதர்களுக்கு நன்றி என்பது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிவதில்லை. சிஸ்டர் அடுத்த வாரம் வந்தார். எனக்கு ஒரு கும்பிடு போட்டார். உலகுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்தார். வண்டியைச் சரி செய்தது நான். சேலை அவளுக்கு. இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

குத்தாலிங்கமும் வந்தான். தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தான்.

"ஜெயிச்சிட்டிய அத்தான்."

"ஜெயிக்கிறது தோக்கிறது இல்லலே. தொழில்னா கை சொல்லணும். கம்ப்யூட்டர் சொல்லக் கூடாது."

"சரி அத்தான்."

"வால்வு வேணும்னு சொன்னியே. இப்ப என்ன சொல்லுதே?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் சோற்றுப் பானையே கொதித்திருக்கும். "நான் சொன்னது தப்புதான் அத்தான்" என்றான்.

எனக்கு மனசு இளகிவிட்டது. அவன் சின்னப் பையனாக இருக்கும்போது என் சைக்கிளில் முன்னால் உட்கார்த்தி வைத்து ஊரைச் சுற்றிக் காட்டியவன் நான். தோளில் தட்டினேன். "ஞாயித்துக்கிழமை லீவுதானே. வா, கத்துத் தாரேன்" என்றேன். அன்றையிலிருந்து ஒரு ஞாயிறு தவறுவதில்லை. பெரிய இடத்தில் வேலை பார்க்கிறவன் இந்தத் தகரக் கொட்டகைக்கு வருகிறான் என்றால் என்ன அர்த்தம்? ஆனால் பாருங்கள், அவன் வருகிற நேரத்தில்தான் நான் திருமலைக்குப் போக வேண்டியிருக்கிறது. வேண்டுதல் பலித்ததால் ஞாயிறுதோறும் படி ஏற வேண்டும் என்று உலகு சொல்லிவிட்டாள். சாமி காரியம், தட்ட முடியுமா? ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மலை ஏற ஆரம்பித்ததிலிருந்து என் கைக்கு ஒரு ராசி வந்திருக்கிறது. இந்தப் புது வகை வண்டிகள் இங்கே விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் திரும்பி வந்து, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது, புகை இல்லை என்கிறார்கள். எல்லாம் வால்வு இல்லாத வண்டிகள்.

ஆறிவிட்டது. மூடியைத் திறக்கிறேன். ம், பார்த்தீர்களா, முக்கால்வாசி தண்ணீர் போயிருக்கிறது. ஹோஸ் இதோ வந்துவிட்டது. இனி இந்த இரண்டு போல்ட். ஒன்று. பழைய வண்டியில் அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்துவிடும். இரண்டு. இதோ வெளியே வந்துவிட்டார் வால்வு துரை. இந்தப் பித்தளைத் துண்டுக்குத்தான் இவ்வளவு பேச்சு. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்ன முழிக்கிறீர்கள்? ஒன்றும் ஆகாது. எஸ் வளைவில் முள் அசைகிறதா என்று பாருங்கள். பேக்கிங் போட்டு, புது ஹோஸ் மாட்டி, கிளிப்பை முறுக்கிவிட்டேன். தண்ணீர் ஊற்றியாயிற்று.

"என்னங்க, பஸ்ஸு வந்திரும். பையை எடுத்துட்டுக் கிளம்புங்க. சார் இருந்து சாப்பிட்டுட்டுப் போவட்டும். வண்டி கொஞ்சம் நிக்கட்டும்."

உலகு சொன்னதைக் கேட்டீர்களா? வண்டியை நிற்க விட வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. என்னோடு இருந்து இருந்து வந்த பழக்கம். உட்காருங்கள், அவள் சமையல் நன்றாக இருக்கும். அதோ பைக்கில் வருகிறானே, அவன்தான் குத்தாலிங்கம். நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவன். நான் சொன்னதையெல்லாம் அவனிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளட்டும். அந்த வால்வை மட்டும் அவன் கண்ணில் காட்டாதீர்கள் சார். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்தால் எடுத்து மாட்டிவிடுவான். அவனுக்கு இன்னும் தொழில் பிடிபடவில்லை.